அந்த இயந்திரத்துக்கு மலை தெரியாது

அம்மா கமலா,

வியாழக்கிழமை நீ போன் பண்ணியபோது ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் இரண்டு மண்டோர்களும் இருந்தார்கள். அவர்கள் வேலை பார்ப்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் பேருக்குப் போன் வந்தால் எல்லோருக்கும் இன்னும் முன்பு வந்த அந்த ஒரு போன்தான் ஞாபகம் வருகிறது. "அடுத்த மாசம் வெளிநாடு போறேம்பா, ரெண்டு வருசத்துக்கு. மிஷின் செய்யுற எடத்துக்கே கூப்பிடுறாங்க" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். "அம்மா என்ன சொல்வாங்க?" என்று கேட்டாய். "சொல்லிப் பாக்குறேன்" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கிராணி தன் நாற்காலியை எனக்குத் தள்ளிக் கொடுத்தார். "நல்ல சேதிதான்யா" என்று சொல்லிவிட்டு உட்காராமலே வந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த மூன்று பேர் முன்னால் சொல்ல முடியாது. இன்று ஞாயிறு. பேக்டரியில் அடுப்பு எரியவில்லை. உன் அம்மா வெளியே துணி துவைக்கிறாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது வீட்டில் இருந்த ஒரே ரேடியோவைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்திருந்தாய். நான் பேக்டரியிலிருந்து வந்து பார்த்துக் கத்தினேன். உன் அம்மாவுக்குச் சாயங்காலப் பாட்டுக் கேட்காமல் சோறு இறங்காது. நீ அழவில்லை. "பாட்டு எங்கருந்து வருதுன்னு பாத்தேன்பா" என்றாய். திரும்பப் பூட்ட உன்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு என்னுடன் தானா ராத்தா டவுனுக்கு வந்தாய். ரேடியோ ரிப்பேர் செய்யும் சீனர் சிரித்துவிட்டு, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பூட்டிக் காட்டினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் நேரே அவர் கடைக்குத்தான் போவாய். கடைசி பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாய். நம் லயத்து வீடுகளில் பேசாத பேச்சில்லை. பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று என்னிடமே கேட்டார்கள். ஆனால் ஈப்போவில் படிக்க இடம் கிடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாப்பாவுக்குப் போகும் டாக்சியில் நீ ஏறிய காலையில், உன்னைத் தடுக்காமல் விட்டோமே என்று மனசுக்குள் நிம்மதியாக இருந்தது.

சுபாங் விமான நிலையத்தில் உனக்கு வேலை கிடைத்த பிறகு முதல் தீபாவளிக்கு வந்தாய். என்ன வேலை என்று அம்மா கேட்டாள். "தரையில நிக்கிற ஏரோப்ளேன்மா" என்றாய். அவளுக்குப் புரியவில்லை. அடுப்படியில் இரண்டு முக்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, என்னை ஒன்றில் உட்காரவைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து ஸ்டீரிங்போல் பிடிக்கச் சொன்னாய். விமானத்தின் முன்பாகத்தை மட்டும் ஓர் அறைக்குள் செய்து வைத்திருப்பார்கள், அதன் பேர் சிமுலேட்டர் என்றாய். உள்ளே உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் கேட்கும், முள்ளெல்லாம் ஆடும், இருக்கை சாயும், ஆனால் அது ஓர் அங்குலம்கூட நகராது என்றாய். வெளியே ஒரு மேசையில் நீ உட்கார்ந்திருப்பாய். உன் கையில் சுவிட்சுகள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் இன்ஜின் நிற்கும், இன்னொன்றைத் தட்டினால் தீ விளக்கு எரியும். மேலே போய்ப் பட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை இங்கே படித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினாய். "அப்ப இதுல விழுந்தா?" என்று அம்மா கேட்டாள். "எந்திரிச்சு மறுபடியும் மொதல்லருந்து ஓட்டலாம்மா" என்றாய். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. லயத்தில் எல்லாரிடமும் அதைச் சொன்னாள்.

நம் மாப்பிள்ளை மோகன் அங்கே இருந்த சின்ன இயந்திரத்தில்தான் விமானம் ஓட்டப் படித்தார். இரண்டு இன்ஜின் உள்ள சிறிய விமானத்துக்கானது. ஈப்போப் பிள்ளை, அப்பா ரயில்வேயில் இருந்தவர். முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்தபோது வாசல்படியில் தலையை இடித்துக்கொண்டார். அவ்வளவு உயரம். சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "உங்க மக என்னை எத்தனை தடவ சாகடிச்சிருக்கா தெரியுமா மாமா? நான் நிம்மதியா போயிட்டிருப்பேன். திடீர்னு ஒரு இன்ஜின நிறுத்திடுவா. நான் தடுமாறி விழுந்து தொலைஞ்சப்புறம் கதவத் தொறந்து, கோப்பி வேணுமான்னு கேப்பா" என்றார். நாமெல்லாம் சிரித்தோம். நீ சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க தம்பி" என்றாள். அவர் உடனே எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, "சும்மா சொன்னேன் லா அத்தை. அவ நிறுத்தி நிறுத்தித்தான் எனக்குப் பயமே போயிருக்கு" என்றார். உங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் எப்படிப் பிடித்துப்போனது என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. மறு வருசம் நம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு சின்ன கம்பெனியில் விமானம் ஓட்டினார். சாமான் ஏற்றுவதும், சில நாள் ஆட்களை ஏற்றுவதுமாக வேலை. கிழக்குக் கரையில் இருக்கும் குவாந்தானிலிருந்து மேற்கே ஈப்போவுக்கு நேர்க்கோடு போட்டால் அது நம் தோட்டத்து மேலேதான் போகிறதாம். "மேல சத்தம் கேட்டா நான்தான் அத்தை, கை காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்த விமானச் சத்தம் கேட்டாலும் உன் அம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு மேலே பார்த்துக் கையாட்டுவாள். மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். "எங்க மாப்பிள்ளைக்குத் தெரியும்" என்பாள். பெரும்பாலும் அவள் கையாட்டியது யாரோ முன்பின் தெரியாத பைலட்டுக்காகத்தான் இருக்கும். அதைச் சொல்லி அவள் சந்தோசத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் மூவரும் இதுவரை முழுதாகப் பேசியதில்லை. உனக்குத் தெரிந்தது ஒரு பக்கம், எங்களுக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்தை எழுதிவிடுகிறேன். காலையிலிருந்தே மேகம் இறங்கிக் கிடந்தது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த நிரையில் நின்றவர்கள்கூடத் தெரியவில்லை. உன் அம்மா விமானச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். வழக்கத்தைவிடத் தாழ்வாக, ஒருமாதிரி கம்மிய சத்தம். கூடையோடு நிமிர்ந்து வெள்ளை மேகத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். சத்தம் மேற்கே பேக்டரிப் பக்கமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது, கிழக்கே காட்டுப் பக்கமாகப் போனது, பிறகு நின்றுவிட்டது. மத்தியானம் அவள் என்னிடம் சொன்னாள், "ரெண்டு தடவ கேட்டுச்சுங்க." நான் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மலையில எதிரொலி அப்படித்தான் கேக்கும்" என்றேன். மண்டோரும் அதையேதான் சொன்னானாம்.

பிறகு உன் போன் வந்தது. நீ அழவில்லை. "அப்பா, அவரு ஈப்போ வந்து சேரல. ஒரு இன்ஜின் போயிருச்சு, எறங்கிட்டே இருக்கேன்னு ரேடியோவுல கடைசியா சொல்லியிருக்காரு. நம்ம பக்கத்துலதான் எங்கயோ இருக்காரு. போய்க் கூட்டிட்டு வாங்கப்பா" என்றாய். கூட்டிட்டு வாங்க என்றுதான் சொன்னாய், தேடுங்க என்று சொல்லவில்லை. நான் பேக்டரி சட்டையோடு அப்படியே கிளம்பினேன். மேனேஜர் துரை லோரி கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் கூட வந்தார்கள். போலீசும் பட்டாளமும் ரோட்டுப் பக்கம் இருந்து வந்தன. அன்று வெளிச்சம் போகும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் காட்டு ஜனங்கள் இரண்டு பேர் வந்து, கிழக்கே உள்ள மலைச்சரிவில் மரங்கள் முறிந்து கிடப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் பின்னால் போனோம். வழுக்கலில் ஏற முடியாமல் மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நான் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேகம் விலகி வெயில் வந்திருந்தது. விமானத்தின் முன்கண்ணாடியில் காலை வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை இருக்கையில்தான் இருந்தார், அன்று வேறு ஆள் ஏற்றவில்லை. தூங்குகிறவரைப்போல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை கமலா. இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நான் உன்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறேன் என்று நீ நினைத்தாய். இல்லை, அது உண்மை. மற்றவர்கள் வந்து சேரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கமலா கூட்டிட்டு வரச் சொன்னா மாப்பிள்ளை" என்றுகூடச் சொன்னேன்.

ஈப்போவில் காரியமெல்லாம் முடிந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். மறந்துவிடு என்றும் சொன்னேன். யார் யாரோ சொன்னதை நானும் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். மறப்பதற்கு அவர் என்ன நீ கழற்றிப்போட்ட ரேடியோவா? நீ சுபாங்குக்குத் திரும்பிப் போனாய். ஒரு மாதம் கழிந்திருக்கும். சுபாங்கில் உன் மேலதிகாரியாக இருந்த வயதான சீனர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணினார். மலாயில் பேசினார். "பாக்சிக், டத்தாங் செக்கெஜாப்" என்றார், பெரியவரே, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்று. நீ வேலை முடிந்தும் வீட்டுக்குப் போவதில்லை, ஆள் இல்லாத இயந்திரத்தை எடுத்துத் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய், தடுக்க மனசு வரவில்லை என்றார். நான் அடுத்த டாக்சியிலேயே மலை இறங்கினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் என்னை அந்த அறைக்கு அழைத்துப்போனார். பெரிய விமானத்துக்கான இயந்திரம் கால்களில் நின்றது. அதைத் தாண்டி உள்ளறையில் உன்னுடைய சின்ன இயந்திரம் இருந்தது. ஒரு காரின் முன்பாதியை வெட்டி எடுத்து மேடையில் வைத்ததுபோல் இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் பால்போன்ற கண்ணாடி, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம். மேகத்துக்குள் ஓட்டப் பழக்குவதற்காக அப்படி என்று அவர் சொன்னார். உன் மேசை காலியாக இருந்தது. அதன்மேல் நம் நாட்டு மேப் ஒன்று விரித்திருந்தது. ஒரு பேனா, பிடித்து எழுதக் கை இல்லாமல், தானாகவே அந்த மேப்பின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் எங்கே போகிறதோ அந்தப் பாதையை அது வரையுமாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைந்து அந்த மைக்கோடு கயிறுபோல் தடித்திருந்தது. கோட்டின்மேல், அவர் விழுந்த இடத்தில், பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டிருந்தாய்.

கதவைத் தட்டினேன். நீ என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "உக்காருங்கப்பா, பெல்ட்ட மாட்டிக்குங்க" என்றாய். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"எங்கம்மா போற?"

"குவாந்தான்ல இருந்து ஈப்போ."

சுற்றிலும் வெள்ளை. முன்னால் முள்கள். இன்ஜின் சத்தம் காதை அடைத்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு நாம் நகரவில்லை என்று மனசுக்குத் தெரிந்திருந்தும் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் போனதும் நீயே கையை நீட்டி இடது இன்ஜினை நிறுத்தினாய். சத்தம் பாதியாகக் குறைந்தது. இருக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. நீ காலால் ஒரு பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டாய். உயரம் காட்டும் முள் பின்னோக்கி மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. "இதுதாம்பா. ஒரு இன்ஜின்ல இந்த உயரத்துல நிக்காது. எறங்கிக்கிட்டேதான் இருக்கும்" என்றாய். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாய். "இப்ப அந்த மலை" என்றாய்.

நான் இருக்கையை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாய். "இந்த மிஷினுக்கு மலை தெரியாது. வேகம் தெரியும், உயரம் தெரியும், எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு தெரியும். மலைய யாரும் இதுக்குள்ள வைக்கல. உள்ள போய் அந்தப் பக்கமா வந்துடும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஈப்போ."

ஈப்போவில் இறக்கினாய். சக்கரம் தரையைத் தொட்டதுபோல் இருக்கை ஒரு முறை அதிர்ந்தது. இன்ஜினை அணைத்தாய். "தினமும் எறங்கிடுறேம்பா. பத்திரமா எறங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு அந்த வெள்ளைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுபோல் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

பிறகு வெளியே வந்து மேப்பைக் காட்டினாய். "ஏம்பா அவரு திரும்பல? இந்த நாற்காலில உக்காந்துதான படிச்சாரு. ஒரு இன்ஜின் போனா மலைய நோக்கிப் போகாத, வந்த வழியே தாழ்வான நெலத்துக்குத் திரும்புன்னு நான்தான நிறுத்தி நிறுத்திப் பழக்குனேன். எதையுமே யோசிக்காம நேரா போய் மோதியிருக்காரு. நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணுமே அவருக்கு ஞாபகம் வரலையா?" என்று கேட்டாய். உன்னைத் தின்றுகொண்டிருந்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போனதை மட்டும் நீ தாங்கிக்கொண்டிருக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது போதவில்லை என்பதையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தாய்.

நான் மேப்பைப் பார்த்தேன். "ஈப்போ இதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். இடதுபக்கம், மேற்கே என்று காட்டினாய். நான் பார்த்ததை அந்த நிமிடம்தான் நானே புரிந்துகொண்டேன். "இல்லம்மா. நான் போனப்ப காலை வெயில் விமானத்தோட முகத்துல அடிச்சுச்சு. முகம் கெழக்கப் பாத்து இருந்துச்சு. மரம் முறிஞ்சு கெடந்ததும் அந்தப் பக்கமாத்தான்" என்றேன். நீ என்னை முறைத்துப் பார்த்தாய். "அம்மா ரெண்டு தடவ சத்தம் கேட்டேன்னு சொன்னா. மொதல்ல பேக்டரிப் பக்கம் போச்சாம், அப்புறம் திரும்பி வந்து காட்டுப் பக்கம் போச்சாம். நான்தான் எதிரொலின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

நீ மறுபடியும் உள்ளே போனாய். என்னை மேசைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாய். கதவைத் திறந்தே வைத்திருந்தாய். பேனா ஊர்ந்தது. அந்தக் குறியைத் தாண்டி வந்தது. நம் தேயிலை மலைக்கு மேலே வந்தது. அங்கே மெல்ல வளைந்தது. நம் லயத்தின் மேலேயே வளைந்ததாக எனக்குத் தோன்றியது. வளைந்து கிழக்கே திரும்பிக் குறியை நோக்கி வந்தது. உள்ளேயிருந்து நீ உயரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாய், அது குறைந்துகொண்டே வந்தது. பேனா குறியைத் தொட்டபோது நீ சொல்வதை நிறுத்திவிட்டாய். சத்தம் அடங்கியது. வெளியே வந்தாய். "தாண்டிட்டாருப்பா. வர்றப்ப அந்த மலைய அவரு தாண்டிட்டாரு. திரும்புறப்பதான் உயரம் பத்தல" என்றாய். பிறகு, "நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்த மேப்பின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். ஈப்போவில் காரியத்தின்போதுகூட நீ அப்படி அழவில்லை. உன் மேலதிகாரி வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். உன் சட்டையெல்லாம் மேப்பில் இருந்த மை.

அதற்குப் பிறகு நீ அந்தப் பாதையில் ஓட்டவே இல்லை என்று அவர் எனக்குச் சொன்னார். நான் சொன்னது உனக்கு ஆறுதலாக இருந்ததா, அதைவிடப் பெரிய வேதனையைக் கொடுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு என்ன கொடுத்தது என்று தெரியும். வீட்டுக்குத் திரும்பி, "நீ சொன்னது சரிதான். ரெண்டு தடவையும் அவர்தான்" என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் கை காட்டுனது அவருக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒண்ணுமே தெரியலீங்க. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு" என்றாள். அன்றிலிருந்து அவள் அவர் பேரை எடுப்பதில்லை. மேல்மலை வேலையும் வேண்டாம் என்று கேட்டு, கீழே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகைக்கு மாறிக்கொண்டாள்.

நீ இந்த மலை ஏறி வந்து எத்தனையோ வருசமாகிறது. தீபாவளிக்கு நாங்கள்தான் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு சுபாங்குக்கு இறங்கி வருகிறோம். மகள் வீட்டுக்கு வருவதில்லையா என்று கேட்பவர்களிடம் லீவு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அதற்காக நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். புறப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்துதான் ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நாங்களே இறங்கி வருகிறோம்.

போன வருசம் உன்னிடம் படித்த ஒரு மலாய்ப் பையன் கடல்மேல் போகும்போது ஒரு இன்ஜின் நின்று, ஆறு பேரோடு பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினான் என்று சொன்னாய். ஒரு கூடைப் பழத்தோடு வந்து உன் மேசைமுன் நின்றானாம். "அவன் திரும்பிட்டாம்பா" என்று சொல்லிவிட்டு, "எனக்கு அவனுக்காகச் சந்தோசப்பட முடியலப்பா. நான் கெட்டவளா?" என்று கேட்டாய். நான் அன்று அப்படியெல்லாம் பேசாதே என்று அடக்கிவிட்டேன். அது பதில் இல்லை. இப்போது சொல்கிறேன். நீ கெட்டவள் இல்லை. அவன் நின்ற இடத்தில் மோகன் நிற்க வேண்டும் என்று உன் மனசு கேட்டது, வேறொன்றும் இல்லை. என் மனசும் அதைத்தான் கேட்டது. அந்தப் பையனின் அம்மா யாரென்று நமக்குத் தெரியாது. அன்று அவள் வீட்டில் எப்போதும்போல் சோறு ஆக்கிச் சாப்பிட்டிருப்பார்கள். அதற்கு நீ காரணம். சந்தோசப்பட முடியாவிட்டால் பரவாயில்லை, அந்த வேலையை மட்டும் விட்டுவிடாதே.

இனி வரும் இயந்திரங்களில் ஜன்னலுக்கு வெளியே படம் தெரியுமாமே, ரன்வேயும் வீடும் மலையும் எல்லாம் கம்ப்யூட்டரே வரைந்து காட்டும் என்றாய். மலையில் இடித்தால் இயந்திரம் நின்றுவிடும் என்றும் சொன்னாய். அதைப் படிக்கத்தான் போகிறாய். போய் வா. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், இந்த மலையில் பிறந்தவளுக்கு அது பெரிதில்லை. வேளைக்குச் சாப்பிடு. வேலை முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரோடும் கிளம்பு, தனியாக அந்த நாற்காலியில் உட்காராதே. யாராவது வேடிக்கையாகப் பேசினால் சிரிப்பு வந்தால் சிரி. சிரித்தால் அவரை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. சேர்ந்ததும் போன் பண்ணாதே. ஆபீசிலிருந்து ஆள் ஓடிவந்து கூப்பிட்டால் உன் அம்மா கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். கடிதம் எழுது. மெதுவாக வந்தால் போதும்.

இதுவரை எழுதியிருந்தபோது உன் அம்மா ஈரக்கையோடு உள்ளே வந்தாள். "யாருக்கு இவ்ளோ நேரமா?" என்றாள். கமலாவுக்கு என்றேன். நீ போவதை வியாழக்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டு சோற்றைப் பரிமாறினாள். இப்போது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். பிறகு, "இதையும் எழுதுங்க" என்றாள். "அங்க யாரையாச்சும் அவளுக்குப் புடிச்சிருந்தா, என்ன சாதி, எந்த ஊருன்னு நம்மள ஒண்ணும் கேக்க வேணாம். கட்டிக்கச் சொல்லுங்க. மோகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு." அவர் பேரை அவள் வாயால் கேட்டு எத்தனை வருசம் ஆயிற்று. நான் தலையை நிமிர்த்துவதற்குள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். துணியெல்லாம் காயப்போட்டு முடிந்துவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் அவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே அந்த மலையைப் பார்த்து நின்றுகொண்டே இருக்கிறாள். மழை தூறத் தொடங்கிவிட்டது. நான் போய் அவளை உள்ளே கூட்டிவர வேண்டும்.

அப்பா